கொழுப்புக் கட்டி எதனால் வருகிறது? ஓ.பி.யில் என்னிடம் கேட்டவையும் என் பதில்களும்

அறுவை சிகிச்சைப் பிரிவு ஓ.பி.யில் நர்ஸாக இருக்கிறேன், 16 வருடம் ஆகிறது. டாக்டர் எதிரில் உட்காரும்போது பலருக்கு வாயே திறக்காது. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, கட்டுப் போடும் அறையில் என்னைப் பார்த்ததும்தான் "சிஸ்டர், இது எதனால வந்துச்சு?" என்று ஆரம்பிப்பார்கள். அப்படி அதிகமாகக் கேட்கப்படுவது கொழுப்புக் கட்டியைப் பற்றி. என் அப்பாவுக்கு இரண்டு கைகளிலும் சேர்த்து ஒன்பது கட்டிகள் உண்டு, அதனால் வீட்டிலும் இதே கேள்விகள்தான்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். இதைப் படித்துவிட்டுக் கட்டியை யாரிடமும் காட்டாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். ஒரு தடவையாவது ஒரு டாக்டர் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கொழுப்புக் கட்டின்னா என்ன சிஸ்டர்? சீட்டுல "ட்யூமர்"னு எழுதியிருக்காங்களே, அப்ப கேன்சரா?

இல்லை. உடம்பில் ஓரிடத்தில் செல்கள் தேவைக்கு மேல் பெருகித் திரண்டுவிட்டால் அதற்கு மருத்துவத்தில் ட்யூமர் என்று பெயர். தமிழில் கட்டி என்போம், பழைய ஆட்கள் கழலை என்பார்கள். அதில் பக்கத்துச் சதையை அரித்துக்கொண்டு போய், வேறு உறுப்புகளுக்கும் பரவுகிற வகைதான் புற்றுநோய். பரவாமல் இருந்த இடத்திலேயே கிடக்கிற சாதுவான வகையும் உண்டு, கொழுப்புக் கட்டி அந்த வகை. சீட்டில் லிபோமா என்று எழுதியிருந்தால் அது இதுதான்.

தோலுக்கு அடியில் நம் எல்லோருக்கும் ஒரு கொழுப்புப் படலம் இருக்கிறது. அங்கே உள்ள செல்கள் ஓரிடத்தில் பெருகி மெல்லிய உறைக்குள் உருண்டையாகத் திரள்கின்றன, அவ்வளவுதான். வெளியே எடுத்துப் பார்த்தால் கோழிக் கொழுப்பு மாதிரி மஞ்சளாகப் பளபளவென்று இருக்கும். ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் 40 வயதிலிருந்து 60 வயதுக்குள் கையில் தட்டுப்படும்.

என் தோள்ல இருக்கறது கொழுப்புக் கட்டிதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

தொட்டால் மெத்தென்று, பிசைந்த மாவு உருண்டை மாதிரி இருக்கும். விரலால் ஓரத்தை அழுத்தினால் நழுவிக்கொண்டு போகும், மேலே உள்ள தோல் தனியாக நகரும். வலி இருக்காது. மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெதுவாகப் பெரிதாகும், அப்புறம் நின்றுவிடும். தோள், முதுகு, கழுத்து, கை, தொடை என்று எங்கும் வரலாம், நெற்றியில்கூட வரும்.

இதோடு குழப்பிக்கொள்கிற இரண்டு உண்டு. ஒன்று, தோலில் வருகிற பை மாதிரியான கட்டி. இதன் நடுவில் பெரும்பாலும் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும், அழுத்தினால் திரிந்த தயிர் மாதிரி ஏதாவது நாற்றத்தோடு வரும், சீழ் பிடித்தால் சிவந்து வலிக்கும். இன்னொன்று நெறி கட்டுவது. கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வரும், கொஞ்சம் கெட்டியாக இருக்கும். நெறி இரண்டு மூன்று வாரத்தில் அடங்கவில்லை என்றால் கண்டிப்பாகக் காட்ட வேண்டும், அதற்குக் காரணங்கள் வேறு. கையால் பார்த்துச் சந்தேகம் வந்தால் டாக்டரே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எழுதித் தருவார்.

எண்ணெய்ப் பலகாரம், மட்டன், முட்டை எல்லாம் நிறைய சாப்பிட்டதாலதானே இந்தக் கொழுப்பு சேர்ந்துச்சு?

இந்தக் கேள்வியைக் கேட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் உள்ளவர்கள் "அன்னிக்கே சொன்னேன், வாயைக் கட்டுன்னு" என்று சொல்லிச் சொல்லி, ஏதோ இவர்கள் செய்த தப்புக்குத் தண்டனை மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். அதனால் தெளிவாகச் சொல்கிறேன். சாப்பிட்ட எண்ணெய் போய் ஓரிடத்தில் உருண்டையாக உறைந்து கட்டி ஆவதில்லை. நீங்கள் தின்ற எந்தப் பண்டமும் இந்தக் கட்டியை உண்டாக்கவில்லை.

பெயரில் கொழுப்பு இருப்பதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். ரத்தத்தில் பார்க்கிற கொலஸ்ட்ரால் ஒரு சங்கதி, இந்தக் கட்டி இன்னொரு சங்கதி. கொலஸ்ட்ரால் துளிகூட ஏறாதவர்களுக்கும் இது வருகிறது. குண்டாக இருப்பவர்களிடம் கொஞ்சம் அதிகமாகக் காணப்படுவதாகச் சில கணக்குகள் சொல்கின்றன, ஆனால் அதை வைத்து உடல் பருமன்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எண்ணெயைக் குறைப்பது இதயத்துக்கு நல்லது, தாராளமாகக் குறையுங்கள். இந்தக் கட்டிக்காகக் குறைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வாக்கிங் போய் எட்டு கிலோ குறைச்சேன், கட்டி மட்டும் அப்படியே இருக்கே? இன்னும் பெருசான மாதிரி வேற தெரியுது.

பெரிதாகவில்லை, சுற்றிலும் இருந்த கொழுப்பு வற்றியதால் அது எடுப்பாகத் தெரிகிறது. உடம்புக்குச் சக்தி தேவைப்படும்போது சாதாரணக் கொழுப்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும், லிபோமாவில் இருக்கிற கொழுப்பை அந்த மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. சாப்பாடே இல்லாமல் எலும்பும் தோலுமாக ஆனவர்களிடமும் கொழுப்புக் கட்டி மட்டும் வற்றாமல் கிடந்ததை மருத்துவர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒல்லியாக இருக்கிற எனக்கு எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கும் பதில் இதில் இருக்கிறது. உடம்பின் மொத்தக் கொழுப்போடு இதற்குப் பெரிய சம்பந்தம் இல்லை.

சாப்பாடும் இல்ல, எடையும் இல்லைன்னா, பின்ன உண்மையான காரணம்தான் என்ன?

நமது ஒவ்வொரு செல்லிலும் 23 ஜோடி குரோமோசோம்கள் இருக்கின்றன, மரபணுக்கள் எல்லாம் அதில்தான் வரிசையாக இருக்கும். அறுத்தெடுத்த லிபோமாக்களின் செல்களை ஆராய்ந்து பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் குரோமோசோமில் ஏதாவது கோளாறு இருந்தது. அதிலும் அதிகம் அகப்பட்டது 12ஆம் குரோமோசோம். அதன் ஒரு குறிப்பிட்ட பகுதி உடைந்து வேறு குரோமோசோமோடு, பல நேரம் 3ஆம் குரோமோசோமின் துண்டோடு, ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடைகிற அந்த இடத்தில் இருப்பது எச்எம்ஜிஏ2 என்ற மரபணு.

குழந்தை கருவில் வளரும்போது செல்களைப் பெருக வைப்பதில் இந்த மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. வளர்ந்தவர்களின் உடம்பில் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். உடைந்து இடம் மாறும்போது அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது, அந்தக் கொழுப்புச் செல் மறுபடி பெருக ஆரம்பிக்கிறது. எலிகளில் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். இந்த மரபணு வேலை செய்யாத எலிகள் குள்ளமாக, உடம்பில் கொழுப்பே குறைவாக இருந்தன. இதன் துண்டிக்கப்பட்ட வடிவத்தை ஓயாமல் வேலை செய்ய வைத்தபோது எலிகள் பெரிதாக வளர்ந்து, கொழுப்பும் அளவுக்கு மீறித் திரண்டது. முதன்முதலில் இதைக் கேட்டபோது என் அப்பாவின் கைகளைத்தான் நினைத்துக்கொண்டேன். எத்தனை வருடம் அவர் தனக்குப் பிடித்த வடையைத் தொடாமல் இருந்தார்!

இந்தக் கோளாறு கட்டியில் உள்ள செல்களில் மட்டும்தான் இருக்கும், உடம்பு முழுக்க இருக்காது. ஒற்றைக் கட்டி வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெற்றோரிடமிருந்து வந்ததும் இல்லை. செல்கள் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கும்போது எங்கோ ஒன்றில் நேர்ந்த பிசகு. அந்தச் செல்லில், அந்த நேரத்தில் ஏன் உடைந்தது என்பதற்கு இதுவரை ஒரு காரணத்தை யாரும் உறுதியாகக் காட்டவில்லை. அதனால் "எனக்குக் காரணம் தெரியும்" என்று மருந்து விற்க வருபவரை நம்பாதீர்கள்.

பைக்ல விழுந்து தொடையில அடிபட்டுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு அதே இடத்துல கட்டி. ரத்தம் கட்டினதுதான் இப்படி ஆயிடுச்சா?

இதில் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பலமான அடி பட்ட இடத்தில் மாதங்களோ வருடங்களோ கழித்துக் கொழுப்புக் கட்டி வந்தவர்கள் உண்டு, அதற்கு இரண்டு விதமாக விளக்கம் சொல்கிறார்கள். அடிபட்டதில் உள்ளே இருக்கிற மெல்லிய தடுப்புச் சவ்வு கிழிந்து, ஆழத்தில் இருந்த கொழுப்பு அந்த ஓட்டை வழியாகப் பிதுங்கி மேலே வந்து கட்டி மாதிரித் தெரிவது ஒன்று. இது சரியாகப் பார்த்தால் புதிய கட்டியே இல்லை, இடம் மாறிய கொழுப்பு. ரத்தக் கசிவும் வீக்கமும் ஏற்பட்ட இடத்தில் சுரக்கிற சில பொருள்கள், இன்னும் முதிராத கொழுப்புச் செல்களைத் தூண்டி வளர வைப்பது இன்னொன்று. கட்டிய ரத்தமே கொழுப்பாக மாறாது.

ஆனால் எல்லா மருத்துவர்களும் இதை ஒப்புக்கொள்வதில்லை. அடிபட்டால் நாம் அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்ப்போம், ஏற்கெனவே இருந்த கட்டி அப்போதுதான் தட்டுப்படும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். என் அனுபவத்தில் இரண்டும் நடக்கிறது. ஒன்று முக்கியம். அடிபட்டதால் வந்தது என்று நினைத்துக்கொண்டு, தொடையில் ஆழமாக, கெட்டியாக வளர்கிற கட்டியைச் சும்மா விட்டுவிடக் கூடாது. ஏன் என்று கீழே புற்றுநோய் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

மூட்டை தூக்கற வேலை. அதனால தோள்ல வந்திருக்குமா?

சுமை அழுத்துகிற இடத்தில் தோல் தடித்துக் காய்ப்புக் காய்க்கும், அது வேறு. கொழுப்புக் கட்டி சுமை தூக்காதவர்களுக்கும் தோளில்தான் அதிகம் வருகிறது. செல்போன், பிரா பட்டை, ஸ்கூல் பை, தடுப்பூசி என்று கேட்டவர்களுக்கும் இதே பதில், இவற்றில் எதுவும் கொழுப்புக் கட்டியை உண்டாக்குவதாகத் தெரியவில்லை.

எங்க அப்பாவுக்கு உடம்பெல்லாம் கட்டி. இப்ப எனக்கும் முன்னங்கையில நாலு வந்திருக்கு. பிள்ளைங்களுக்கும் வருமா?

நிறையக் கட்டிகள், அதுவும் குடும்பத்தில் தொடர்ச்சியாக என்றால் கதை கொஞ்சம் மாறுகிறது. மேலே சொன்னது ஒரு செல்லில் நேர்ந்த பிசகு. இங்கே பரம்பரையாக வருகிற தன்மை ஒன்று சேர்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண்களிடம் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. இருபது, முப்பது வயதுகளில் ஆரம்பித்து முன்னங்கை, தொடை, வயிறு, இடுப்பு என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். கட்டிகள் சாதுவானவைதான், எண்ணிக்கைதான் தொந்தரவு. என் அப்பாவும் இந்த ரகம், எனக்கும் இடது கையில் ஒன்று இருக்கிறது.

இதை விடவும் அரிதாக, கொழுப்புக் கட்டி வேறொரு பரம்பரை நோயின் அடையாளமாக இருக்கலாம். பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் சதை வளர்கிற ஒரு நோயில் தோலுக்கு அடியிலும் இப்படிக் கட்டிகள் வருவது உண்டு. தைராய்டு, மார்பகம், கர்ப்பப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுகிற ஒரு மரபணுக் கோளாறிலும் உண்டு. அதனால் குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே குடல் புற்றுநோயோ மார்பகப் புற்றுநோயோ வந்திருந்தால் அதை டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். "கட்டிக்குத்தானே வந்தோம், இதை எதுக்குச் சொல்லணும்" என்று நினைத்துவிடாதீர்கள்.

எங்க வீட்டுக்காரர் தினமும் குடிப்பார். கழுத்தைச் சுத்தி, தோள் ரெண்டுலயும் பொதுபொதுன்னு சதை வச்சிருச்சு. இதுவும் அதே கட்டியா?

இதை நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. கழுத்திலும் தோள்களிலும் மேல்கைகளிலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொழுப்புத் திரண்டு, குதிரைக்குக் கழுத்துப் பட்டை போட்ட மாதிரி வருகிற ஒரு நோய் இருக்கிறது. இங்கிலாந்தில் பெஞ்சமின் பிராடி என்ற மருத்துவர் 1846இல் இதைப் பற்றி எழுதினார், 1888இல் ஜெர்மனியில் ஓட்டோ மாடலுங் பல நோயாளிகளை வைத்து விவரித்தார், அவர் பெயரிலேயே இன்று மாடலுங் நோய் என்கிறார்கள். மத்தியதரைக் கடல் ஓரத்து நாடுகளில் நடுத்தர வயது ஆண்களிடம்தான் அதிகம் கண்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் பல வருடம் நிறையக் குடித்தவர்கள்.

கொழுப்புக் கட்டி சம்பந்தப்பட்ட காரணங்களில் "இதை நிறுத்துங்கள்" என்று கையை நீட்டிச் சொல்ல முடிகிற ஒரே இடம் இதுதான் என்று சொல்லலாம். குடியை விட்டால் திரண்ட கொழுப்பு பெரும்பாலும் கரைந்துவிடாது, ஆனால் ஈரலும் நரம்புகளும் பிழைக்கும். சிலரிடம் செல்களுக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்கிற மைட்டோகாண்ட்ரியாவிலும் கோளாறு இருக்கிறது, அவர்கள் குடிக்காதவர்களாகவும் இருக்கலாம். அதனால் ஆளைப் பார்த்ததும் குடிகாரர் என்று முடிவுகட்டவும் கூடாது. மூச்சுக்குழாயை அழுத்துகிற அளவுக்குப் போனால் சிக்கல், அதற்கு முன்பே அழைத்து வாருங்கள்.

வயித்துல இன்சுலின் போடற இடம் மட்டும் உருண்டையா தடிச்சுப் போச்சு. இது கொழுப்புக் கட்டிதானே?

கையில் படுவது அதே மாதிரி இருந்தாலும் இது லிபோமா இல்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி போட்டால் இன்சுலினே அங்குள்ள கொழுப்புச் செல்களை வளர்த்துவிடும். வலிக்காததால் பலர் அந்த இடத்திலேயே குத்திக்கொண்டிருப்பார்கள், அங்கேதான் ஆபத்து. தடித்த இடத்திலிருந்து இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது. சர்க்கரை ஒரு நாள் 300, மறுநாள் 70 என்று காரணம் புரியாமல் ஆடும்.

இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள், ஊசியைப் புதிதாக வைத்துக்கொள்ளுங்கள். சில மாதத்தில் தடிப்பு தானாகவே குறையும். அறுக்க வேண்டியதில்லை. நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு இன்சுலின் முழுதாக வேலை செய்து சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம், ஆகவே டாக்டரிடம் கேட்டுவிட்டே மாற்றுங்கள்.

நான் வேற மாத்திரைங்க நிறைய சாப்பிடறேன். மருந்தால கட்டி வருமா?

சாதாரணமாக இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் சாப்பிட்டால் முகம் உருண்டையாகும், பிடரிக்குக் கீழே திமில் மாதிரி கொழுப்பு சேரும். எச்.ஐ.வி.க்குத் தருகிற மருந்துகளில் புரோட்டியேஸ் தடுப்பான் வகையைச் சேர்ந்த சிலவற்றாலும் உடம்புக் கொழுப்பு இப்படி இடம் மாறிச் சேர்வது உண்டு, சிலருக்குக் கட்டிகளும் வந்திருக்கின்றன. இரண்டு மருந்துகளையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் வருகிற கேடு இந்தக் கட்டியை விட எத்தனையோ மடங்கு பெரிது.

வலிக்காதுன்னு சொன்னீங்க. என் கையில இருக்கற கட்டிங்க எல்லாம் தொட்டாலே வலிக்குது?

வலிக்கிற ரகமும் உண்டு. கொழுப்போடு சின்னச் சின்ன ரத்தக் குழாய்களும் கலந்து வளர்கிற ஒரு வகை பெரும்பாலும் இளவயதில், முன்னங்கையில், பட்டாணி பட்டாணியாக வரும். அழுத்தினால் சுரீர் என்கும். இதுவும் சாதுவானதுதான். இன்னொன்று, கட்டி சாதாரணமாகவே இருக்கும், ஆனால் நரம்பு ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கும். முழங்கைக்குக் கீழே அப்படி இருந்தால் விரல்களை நிமிர்த்த முடியாமல்கூடப் போகலாம். மரத்துப்போவது, பலம் குறைவது தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

உடம்பின் பல இடங்களில் கொழுப்பே வலிக்கிற நோய் ஒன்றும் இருக்கிறது, பிலடெல்பியாவின் நரம்பியல் மருத்துவர் டெர்கம் 1888இல் முதலில் விவரித்தது. நடுத்தர வயதில் எடை கூடிய பெண்களிடம் அதிகம். இந்தப் பெண்களை "எல்லாம் மனசுதான்" என்று வருடக் கணக்கில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், அதைப் பார்க்கும்போது எனக்கு மனது ஆறுவதே இல்லை. வலி மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் அதை அப்படியே சொல்லுங்கள், எங்கே, எப்போது என்று எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அக்குள்ல ஒரு கட்டி. மாசா மாசம் அந்த நாள் வரும்போது வீங்கி வலிக்குது, அப்புறம் சரியாயிடுது.

இது கொழுப்புக் கட்டியாக இருக்க வாய்ப்பு குறைவு. சில பெண்களுக்கு மார்பகத் திசு அக்குளிலும் கொஞ்சம் இருக்கும், பிறவியிலேயே. மாதவிடாய், கர்ப்பம், பால் கொடுக்கும் காலம் என்று ஹார்மோன் ஏறி இறங்கும்போது அதுவும் கூடவே வீங்கும். பயப்பட வேண்டாம், ஆனால் மார்பகத்தில் வருகிற எந்த நோயும் அங்கேயும் வரலாம் என்பதால் ஒரு ஸ்கேன் பார்த்துவிடுங்கள். மாதத்தோடு சம்பந்தமே இல்லாமல் அக்குளில் கெட்டியாக ஏதாவது இருந்தால், இரண்டாவது கேள்வியில் சொன்ன நெறியாக இருக்கலாம், அதையும் காட்ட வேண்டும்.

எங்க குழந்தைக்குப் பொறந்ததுலேர்ந்தே முதுகுக்குக் கீழே நடுவுல மெத்துன்னு ஒரு கட்டி. பெருசானதும் எடுத்துக்கலாம்னு பெரியவங்க சொல்றாங்க.

தயவுசெய்து காத்திருக்காதீர்கள். குழந்தையின் இடுப்புக்கு மேலே, தண்டுவடத்தின் நேர்கோட்டில் இருக்கிற கொழுப்புக் கட்டி வெளியே தெரிவதோடு முடியாமல், முதுகெலும்பின் இடைவெளி வழியாகத் தண்டுவடம் வரை போயிருக்கலாம். கரு உருவாகும் முதல் சில வாரங்களில் தண்டுவடம் மூடிக்கொள்வதில் நேர்ந்த குறை இது. தண்டுவடம் அதோடு ஒட்டியிருந்தால் குழந்தை வளர வளர இழுபடும். கால் பலவீனமாகும், சிறுநீர் கட்டுப்பாடு போகும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பார்க்காமல் யாரும் அதில் கத்தி வைக்கக் கூடாது, குழந்தைகள் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர்தான் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் மயிர்க்கற்றையோ குழியோ சிவந்த மச்சமோ இருந்தாலும் இதே எச்சரிக்கைதான்.

சரி, கொழுப்புக் கட்டி நாளாக நாளாக கேன்சரா மாறுமா?

சாதாரண லிபோமா புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. கொழுப்புத் திசுவில் வருகிற புற்றுநோய் ஒன்று இருக்கிறது, லிபோசார்கோமா. அது பெரும்பாலும் ஆரம்பத்திலிருந்தே அதுவாகத்தான் பிறக்கிறது. ஆபத்து எங்கே என்றால், அது தொடக்கத்தில் கொழுப்புக் கட்டி மாதிரியே தோன்றி எல்லோரையும் ஏமாற்றுவதில். இரண்டுக்கும் வேர்கூட அக்கம்பக்கம்தான். அதில் அதிகம் வருகிற வகையில் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கிற எம்டிஎம்2 என்ற மரபணு, நான் மேலே சொன்ன அதே 12ஆம் குரோமோசோமில், எச்எம்ஜிஏ2வுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சந்தேகமான கட்டியைச் சோதனைக்கூடத்தில் இந்த மரபணுவை வைத்துத்தான் பிரித்துச் சொல்கிறார்கள்.

எதைக் கண்டால் உடனே வர வேண்டும்? 5 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தைத் தாண்டியது. சில வாரங்களில், மாதங்களில் கண்கூடாக வளர்வது. சதைக்குள் ஆழமாகப் போய் நகராமல் கெட்டியாக நிற்பது, முக்கியமாகத் தொடையில். எடுத்த இடத்தில் மறுபடி வருவது. இதில் ஒன்று இருந்தாலும் எம்.ஆர்.ஐ.யும், அப்புறம் தேவைப்பட்டால் ஊசியால் சதைத் துண்டு எடுத்துச் சோதனையும் செய்ய வேண்டும். இப்படி வருபவர்களில் பலருக்குக் கடைசியில் சாதாரண லிபோமா என்றுதான் முடிவு வரும். இருந்தாலும் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் நிம்மதி.

கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே, அதான் பயாப்ஸிக்கே பயமா இருக்கு.

லிபோமாவில் கத்தி பட்டால் அது வேறொன்றாக மாறாது, பரவாது. இந்தப் பயம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மேலே சொன்ன ஆழமான கட்டியை முன்கூட்டி ஸ்கேன் பார்க்காமல், கொழுப்புக் கட்டிதானே என்று ஏதோ ஓரிடத்தில் அவசரமாக எடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே புற்றுநோயாக இருந்தது பிறகுதான் தெரியவரும், அடுத்த அறுவை சிகிச்சை இன்னும் பெரிதாகிவிடும். ஊர் அதைப் பார்த்து "கத்தி பட்டுப் பரவிடுச்சு" என்று பேசும். எடுத்த கட்டியைக் குப்பையில் போடாமல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், அந்த அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள்.

பச்சிலை வச்சுக் கட்டினா கரையும்னு ஒருத்தர் சொன்னார். சுண்ணாம்பும் தேனும் போட்டுப் பாக்கலாமா?

வெளியே பூசுவது தோலைத்தான் தொடும், உறைக்குள் இருக்கிற கொழுப்பைத் தொடாது. சுண்ணாம்பு தோலை அரிக்கும். சேராங்கொட்டை எண்ணெய் இன்னும் மோசம், துணியில் அழியாத குறி போட வண்ணார்கள் பயன்படுத்தியது அது, தோலில் பட்டால் கொப்புளித்துப் புண்ணாகும். கொடிவேலி வேரும் அப்படித்தான். இப்படிப் புண்ணாகி வருகிறவர்களுக்கு வாரக் கணக்கில் கட்டுப் போட்டிருக்கிறேன். தோல் உரிந்து தழும்பாகி, கட்டி மட்டும் அப்படியே இருக்கும். சர்க்கரை உள்ளவர்கள் கனவிலும் செய்ய வேண்டாம்.

போன தடவை எடுத்தாங்க, இப்ப பக்கத்துலயே இன்னொண்ணு. காரணம் உள்ளேயே இருந்து திரும்ப வருதா?

உறையோடு முழுதாக எடுத்தால் அதே கட்டி திரும்ப வருவது குறைவு. உறைக்குள் இருப்பதை மட்டும் பிதுக்கி எடுத்திருந்தாலும், உறிஞ்சி எடுத்திருந்தாலும், மிச்சம் இருந்த செல்கள் மறுபடி வளரலாம். பக்கத்தில் புதிதாக வருவது தனிக் கட்டி. பரம்பரைத் தன்மை உள்ளவர்களுக்கு அப்படி வந்துகொண்டேதான் இருக்கும், என் அப்பாவுக்கு மூன்றை எடுத்துவிட்டு மீதியை அப்படியே விட்டுவிட்டோம். எடுத்த அதே இடத்தில், ஆழத்தில் வந்தால் மட்டும் புற்றுநோய் கேள்வியில் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள்.

பொண்ணுக்குக் கல்யாணம் பேசிட்டு இருக்கோம். தோள்ல கொழுப்புக் கட்டி இருக்கு. தொத்துமான்னு கேப்பாங்க, சொல்லணுமா?

தொற்றாது. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே சோப்பைப் போட்டாலும் வராது. பிள்ளை பிறப்பதற்கோ பால் கொடுப்பதற்கோ எந்தத் தடையும் இல்லை. ஒற்றைக் கட்டி என்றால் பிள்ளைகளுக்கும் போகும் என்ற கவலை வேண்டாம், நிறையக் கட்டிகள் உள்ள குடும்பத்தின் கணக்கு மேலே இருக்கிறது. சொல்வதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்ணிடமே கேளுங்கள், அவள் உடம்பு. நானாக இருந்தால் "தோளில் கொழுப்புக் கட்டி இருக்கு, டாக்டர் பார்த்துட்டார்" என்று ஒரு வரியில் சொல்லிவிடுவேன்.

எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தால் கல்யாணத்துக்கு முந்தின வாரம் கூட்டிக்கொண்டு வராதீர்கள். அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்துச் செய்கிற சின்ன அறுவை சிகிச்சைதான், அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆனால் தோளிலும் முதுகின் மேல்பகுதியிலும் தழும்பு சிலருக்குத் தடித்து எழும்பும். முன்பு எங்காவது காயமோ காது குத்தியதோ அப்படித் தடித்திருந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், நான்கைந்து மாதம் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.